மொகல் தெரு வீட்டுப் படம்

பலவேசம் சுங்கத்துறையில் ஆயுளில் பாதியைக் கழித்துவிட்டு ஓய்வு பெற்றவர். தூத்துக்குடித் துறைமுகத்தில் அவர் கையைத் தாண்டிப் போன பெட்டிகளில் முக்கால்வாசியைப் பிரித்துப் பார்த்திருப்பார். வேலை போன பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. பால் பாக்கெட்டைக்கூட நாலு தடவை திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் வாங்குவார். மகளுக்கு வரன் பார்த்தபோது ஜாதகத்தை ஓரமாக வைத்துவிட்டு, மாப்பிள்ளை வேலை பார்த்த கம்பெனியின் வாட்ச்மேனைப் பிடித்து விசாரித்த மனிதர். தன்னை யாரும் ஏமாற்றிவிட முடியாது என்பதில் அவருக்கு ஏகப்பட்ட கர்வம்.

அப்பேர்ப்பட்டவர் வீட்டு வாசலில் ஒரு பெண் வந்து நின்று, "தாத்தா" என்று கூப்பிட்டால் என்ன ஆகும்? முதலில் அவள் செருப்பைப் பார்த்தார். செருப்பைப் பார்த்தே ஆள் எப்படிப்பட்டவர் என்று சொல்லிவிடலாம் என்பது அவர் சித்தாந்தம். ஆஸ்பத்திரி நர்சுகள் போடுகிற வெள்ளைச் செருப்பு. அதிலிருந்து ஒன்றும் கிடைக்கவில்லை.

"யாருக்குத் தாத்தா?" என்றார் கதவைப் பாதி திறந்தபடி.

"எம் பேரு உலகம்மா. மோல்மேன்லருந்து வந்திருக்கேன், பர்மாவுல. ஒங்க அப்பா உச்சிமாகாளி இருக்காகல்லா, அவுகளுக்கு ஒரு அக்கா உண்டும். அந்த அக்காவோட பேத்திக்கு மக நான்."

பலவேசத்துக்கு அப்போதே மூக்கு வியர்த்தது. இந்தக் காலத்தில் முப்பது வயதுகூட ஆகாத பெண்ணுக்கு உலகம்மாள் என்று எவன் பெயர் வைப்பான்? அவள் பேச்சும் இடித்தது. கடல் தாண்டிப் பிறந்து வளர்ந்தவள் தாமிரபரணித் தண்ணீரைக் குடித்தவள் மாதிரி 'அவுக' என்கிறாள், 'உண்டும்' என்கிறாள். தூத்துக்குடிப் பிள்ளைகளே இப்போது இப்படிப் பேசுவதில்லை. யாரோ நன்றாகப் பழக்கித்தான் அனுப்பியிருக்கிறார்கள் என்று முடிவு கட்டினார்.

"எங்கப்பாவுக்கு அக்காளும் கெடையாது, தங்கச்சியும் கெடையாது."

"உண்டும் தாத்தா. இந்தா பாருங்க."

துணியில் சுற்றி வைத்திருந்த ஒரு புகைப்படத்தை எடுத்தாள். தடித்த அட்டையில் ஒட்டிய கறுப்பு வெள்ளைப் படம். ஒரு வீட்டுச் சுவருக்கு முன்னால் நாற்காலியில் ஒரு வாலிபர். பக்கத்தில் புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திய மனைவி. அவர்கள் முன்னால் எட்டு வயதுப் பெண் ஒருத்தி, அவள் கையைப் பிடித்தபடி ஐந்து வயதுப் பையன். சுவரில் ஒரு மகாலட்சுமி காலண்டர்.

"ரங்கூன்ல மொகல் தெரு வீடு. நாற்காலில இருக்கது ஒங்க தாத்தா சிவனணைஞ்சபெருமாள். இந்தப் பொண்ணு எங்க பூட்டி, அவ பேரத்தான் எனக்கு வச்சிருக்கு. இந்தப் பய உச்சிமாகாளி. சண்டை வந்து குண்டு போட்டப்ப பூட்டியும் அவ அம்மையும் மோல்மேன்ல சொந்தக்காரக வீட்டுக்குப் போயிருந்தாக. இங்கிட்டு அப்பாவும் மவனும் மட்டும் இந்தியாவுக்கு நடந்து வந்துட்டாக. அதோட ஒறவு அந்துபோச்சு."

தாத்தா யுத்தத்தின்போது பர்மாவிலிருந்து மகனைக் கூட்டிக்கொண்டு காடு மலை தாண்டி நடந்தே வந்தவர் என்பது பலவேசத்துக்குத் தெரியும். மனைவி அங்கேயே இறந்துவிட்டதாகச் சொல்லித்தான் கேள்வி. அதற்கு மேல் யாரும் பேசியதில்லை. பர்மா என்ற சொல் காதில் விழுந்தாலே அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விடுவார்.

உள்ளேயிருந்து காப்பியோடு வந்த அவர் மனைவி செண்பகம், படத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "அப்பிடியே நம்ம வீட்டுத் தாத்தாவோட கண்ணுலா" என்றாள். பலவேசம் அவளை முறைத்தார். விசாரணை முடிவதற்குள் அதிகாரியின் மனைவியே கட்சி மாறினால் எப்படி?

"இப்ப ஒனக்கு என்னம்மா வேணும்?"

அவள் மறைக்கவில்லை. துறைமுகத்துப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் தற்காலிக அனுமதியில் நர்சாக இருக்கிறாள். மாதக் கடைசியோடு அனுமதி முடிகிறது. கடல் ஏறி, மோல்மேனில் அவர்கள் தெரு ஆற்றுக்குள் போய் நாலு வருடம் ஆகிவிட்டது. திரும்பிப் போனால் தற்காலிக முகாம்தான். பூர்வீகச் சட்டப்படி, யுத்தத்துக்கு முந்திய முன்னோர் படமும், இங்கே உயிரோடு இருக்கும் ரத்த சொந்தம் ஒருவரின் முகமும் ஒத்துப்போனால் அவள் இங்கேயே இருக்கலாம்.

"நீங்க வந்து அந்த மிஷின் முன்னால ஒரு நிமிசம் ஒக்காந்தா போதும் தாத்தா. வேற ஒண்ணும் வேண்டாம்."

வேற ஒண்ணும் வேண்டாம் என்று சொன்னவர்களின் பெட்டியில்தான் எப்போதும் ஏதாவது இருக்கும். பலவேசம் வர ஒப்புக்கொண்டார். குட்டை உடைக்காமல் விடுவதில்லை என்ற வீராப்போடுதான் ஒப்புக்கொண்டார்.

பூர்வீகச் சரிபார்ப்பு மையத்தில் ஜெசிந்தா என்ற அதிகாரி இருந்தாள். நாற்பது வயது, நிதானமான பெண். மிஷின் என்றதும் பலவேசம் என்னவோ நினைத்திருந்தார். பார்த்தால், கண் டாக்டரிடம் தாடையை வைத்து உட்காருகிற சமாச்சாரம் மாதிரிதான் இருந்தது.

"ரத்தத்துல ஒரு சொட்டு எடுத்தா முடிஞ்சிருமே மேடம். எதுக்கு இந்த வித்தையெல்லாம்?"

"ரத்தத்த எடுக்கக் கூடாதுன்னு சட்டம் வந்து பத்து வருசமாச்சே சார். ரத்தத்துல வம்சம் மட்டுமா இருக்கு, நாளைக்கு வரப்போற சீக்கும்லா இருக்கு. அத வாங்கி வச்சுக்கிட்டு வேலை தரமாட்டேன்னாங்க, பொண்ணு தரமாட்டேன்னாங்க. அதான் இப்ப முகம் மட்டும். கண்ணுக்குழி, மூக்குத்தண்டு, தாடை எலும்பு, காது. மூணு தலைமுறை தாண்டியும் கண்டுபிடிச்சிரும்."

"படத்தையே போலியா செஞ்சிருந்தா?"

"மொதல்ல அதத்தான் பாக்கும். பழைய படத்துல இருக்கது வெள்ளி. வெள்ளி எம்புட்டு வயசாகியிருக்கு, எங்கயாவது ஒட்டு வெட்டு இருக்கா எல்லாம் தெரிஞ்சிரும். நெசமான பழைய படத்துக்கு இப்ப என்ன கிராக்கி தெரியுமா சார்? அடுத்த வீட்டுத் தாத்தாவத் தன் தாத்தான்னு கொண்டு வாரவங்க ஏராளம்."

பலவேசத்துக்கு ஜெசிந்தாவைப் பிடித்துப் போயிற்று. நம்மைப் போல ஒரு ஆள் என்று நினைத்துக்கொண்டார். வீட்டில் மாட்டியிருந்த தாத்தாவின் வயதான காலத்துப் படத்தையும், கேட்பார்களே என்று, சட்டத்தோடு கழற்றிக் கொண்டுவந்திருந்தார். உலகம்மா முதலில் உட்கார்ந்தாள். பிறகு அவர் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் மிஷின் முனகியது. ஜெசிந்தா திரையைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். பிறகு மறுபடியும் திரையைப் பார்த்தாள்.

"படம் நெசம் சார். ஒட்டு வெட்டு இல்ல. நாற்காலில இருக்கவரும் ஒங்க வீட்டுப் படத்துல இருக்கவரும் ஒரே ஆள்தான். இவங்க அவரோட வம்சம்தான், அதுலயும் சந்தேகம் இல்ல." அவள் குரலைத் தாழ்த்தினாள். "ஆனா ஒங்க முகம் அவரோட ஒத்துப்போகல. இந்தப் பையனோடயும் ஒத்துப்போகல. சம்பந்தமே இல்லைங்குது."

உலகம்மாவின் முகம் வெளுத்தது. பலவேசத்துக்கு முதலில் வந்தது சந்தோஷம். பயம் அதற்குப் பிறகுதான் வரப்போகிறது.

"சொன்னேன்லா! படத்துல இருக்கது எங்க தாத்தா இல்ல. உலகத்துல ஒரே மாதிரி ஏழு பேரு இருப்பான். அதுல ஒருத்தனப் பிடிச்சுட்டு வந்திருக்கு இந்தப் புள்ள." சட்டைப் பையிலிருந்து லென்ஸை எடுத்தார். ஓய்வு பெற்றும் அதை அவர் விட்டதில்லை. படத்தை அங்குலம் அங்குலமாக மேய்ந்தவர் காலண்டரில் வந்து நின்றார். மகாலட்சுமியின் காலடியில், ரங்கூனில் ஏதோ ஒரு ஜவுளிக்கடையின் பெயர். அதற்குக் கீழே வருடம்.

"இந்தா. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தஞ்சு. எங்கப்பா பொறந்தது முப்பத்தாறு. பொறக்கதுக்கு முந்தின வருசமே அஞ்சு வயசுப் பயலா வந்து நின்னாராக்கும்?"

ஜெசிந்தா பெருமூச்சு விட்டாள். "மிஷினும் அந்த வருசத்தத்தான் குடுக்குது. வெள்ளியோட வயசுல பத்து வருசம் முன்னப் பின்ன இருக்கும். அச்சுல வருசம் இருந்தா அதத்தான் எடுத்துக்கும்."

"பூட்டி பொறந்தது முப்பத்திமூணு" என்றாள் உலகம்மா. "அவளும் இதுல எட்டு வயசுலா இருக்கா. எனக்கு ஒண்ணும் புரியலம்மா. ஆனா அது பூட்டிதான். சாகுற வரைக்கும் இந்தப் படத்தத் தலைமாட்டுல வச்சிருந்தா."

"வருசமும் இடிக்குது, இங்க இருக்க ஒரே சொந்தத்தோட முகமும் இடிக்குது. நான் என்ன செய்ய?" என்றாள் ஜெசிந்தா. "வெள்ளிக்கிழமை முடிவச் சொல்லணும். அதுக்குள்ள ஏதாவது விளக்கம் இருந்தா கொண்டு வாங்க."

வெளியே வரும்போது உலகம்மா அவரைத் திட்டவில்லை, கெஞ்சவும் இல்லை. படத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு டியூட்டிக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டாள். அழுது ஆர்ப்பாட்டம் பண்ணியிருந்தால் பலவேசத்துக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

மறுநாள் காலை சாமி கும்பிட நின்றவர், கண்ணை மூடப் போன நேரத்தில் எதிரே இருந்ததைப் பார்த்தார். நகைக்கடை கொடுத்த மகாலட்சுமி காலண்டர். தேதித் தாள்கள் எல்லாம் கிழிந்து, அட்டையும் சாமியும் மட்டும் மிச்சம். கீழே வருடம் பளிச்சென்று இருந்தது. மகள் செல்விக்குக் கல்யாணம் ஆன வருடம்.

"ஏட்டி செண்பகம்! இது எதுக்கு இன்னும் தொங்குது? எட்டு வருசத்துக் காலண்டரு!"

"அது காலண்டருக்கா தொங்குது? மகாலட்சுமிலா!" அடுக்களையிலிருந்து பதில் வந்தது. "நல்ல களையான முகம். சாமி படத்தக் குப்பையில தூக்கிப் போடச் சொல்லுதீகளா? யாரு வீட்டுல போடுதாக?"

யார் வீட்டிலும் போடுவதில்லை. பலவேசத்துக்கு அது தெரியாதா என்ன. போன தீபாவளிக்கு இதே இடத்தில் பேரனையும் பேத்தியையும் நிறுத்திப் படம் எடுத்தது ஞாபகம் வந்தது. பின்னால் இதே மகாலட்சுமி. நூறு வருடம் கழித்து எவனாவது லென்ஸோடு அந்தப் படத்தைப் பார்த்தால், செல்விக்குக் கல்யாண வருடத்திலேயே ஆறு வயதுப் பிள்ளை இருந்தது என்று எழுதிவைத்துவிட்டுப் போவான். எங்கோ குளிர்நாட்டில் செய்த மிஷினுக்கு, காலண்டர் என்றால் வருடம் முடிந்ததும் கழற்றிவிடுவார்கள் என்ற எண்ணம். அதைச் சொல்லிக் குற்றமில்லை. வீட்டிலேயே சாட்சியைத் தொங்கவிட்டுக்கொண்டு லென்ஸை நீட்டியவரை என்ன சொல்வது?

அவர் கட்டிலில் போய் உட்கார்ந்தார். முப்பத்தைந்தாம் வருடத்துக் காலண்டரை ரங்கூனில் ஒரு வீட்டில் சாமிக்காக விட்டுவைத்திருந்தார்கள். படம் எடுத்தது நாற்பத்தொன்றாக இருந்தால் பெண்ணுக்கு எட்டு, பையனுக்கு ஐந்து. இம்மி பிசகாமல் சரி. படம் நிஜம். தாத்தா நிஜம். அந்தப் பெண் நிஜம். சரக்கு சரி, சீட்டு சரி, முத்திரையும் சரி என்றால் தப்பு எங்கே இருக்க முடியும்? மிச்சம் இருந்தது ஒன்றுதான். அவர் முகம்.

அப்போதுதான் பயம் வந்தது. ஒவ்வொரு பங்குனி உத்திரத்துக்கும் அவர்கள் சாஸ்தா கோயிலில் முதல் மாலை அவர் கழுத்தில்தான் விழும். அப்பாவுக்கு விழுந்தது, இப்போது அவருக்கு. அந்த மாலையோடு நிமிர்ந்து நிற்கிற ஒரு நாளுக்காகத்தான் வருடத்தின் மற்ற நாட்களையெல்லாம் அவர் வாழ்ந்தார் என்றுகூடச் சொல்லலாம். இப்போது கோயில் பங்காளிகள் பட்டியலையும் அரசாங்கப் பதிவோடு இணைத்துவிட்டார்கள். 'வம்சம் இல்லை' என்று ஒரு தடவை ஏறிவிட்டால், மாலை போகும், கோயிலும் போகும்.

பேசாமல் இருந்துவிட்டால்? வெள்ளிக்கிழமை அவர் போகாவிட்டால் போதும். காலண்டர் வருடம் முப்பத்தைந்தாகவே இருக்கும், படத்தோடு அவர் முகக் கணக்கும் தள்ளுபடியாகிவிடும். அந்தப் பெண்ணைக் கப்பல் ஏற்றிவிடுவார்கள். ஊரில் ஒருத்தருக்கும் ஒன்றும் தெரியாது. இரண்டு நாள் அவர் அப்படித்தான் இருந்தார். சோறு இறங்கவில்லை. வியாழக்கிழமை காலையில் செண்பகம் காப்பியை வைத்துவிட்டு, "பாவம், அந்தப் புள்ளைக்குத் திரும்பிப் போவ ஒரு தெருகூட இல்லியாம்" என்றாள். "நான் என்ன செய்ய முடியும்?" என்று பலவேசம் கத்தினார். கத்திவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு ஸ்ரீவைகுண்டம் பஸ்ஸைப் பிடித்தார்.

ஸ்ரீவைகுண்டத்தில் கொம்பையா வாழைத்தார் வியாபாரம் செய்தார். தாத்தாவின் கூடப்பிறந்த தம்பி பேரன். பலவேசத்துக்குப் பங்காளி, மூன்று வயது மூத்தவர், பரம வைரி. கோயிலில் பங்காளிகள் கூடி நின்று பேசிக்கொண்டிருப்பார்கள். பலவேசம் பக்கத்தில் போனால் பேச்சு சட்டென்று நிற்கும். கொம்பையா எங்கேயோ பார்ப்பார். மாலையைப் பறிக்கத் திட்டம் போடுகிறார்கள் என்று பலவேசம் வருடக்கணக்காக நம்பிவந்தார். இன்று அந்த மனிதரிடமே போய் நிற்க வேண்டியிருந்தது.

தார்களுக்கு நடுவே ஸ்டூலைப் போட்டு உட்காரவைத்து, கொம்பையா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். உலகம்மா, படம், காலண்டர், மிஷின்.

"அண்ணே, நாளைக்கு நீங்க வந்து அந்த மிஷின் முன்னால ஒக்காரணும். ஒங்க முகம் ஒத்துப்போவும். புள்ளைக்குச் சீட்டுக் கெடச்சிரும்." பலவேசம் குனிந்து தன் செருப்பைப் பார்த்தார். "எனக்குத்தான் ஒத்துப்போவல. ஏன்னு தெரியல."

கொம்பையா ஒரு தாரின் காம்பைக் கிள்ளினார்.

"நான் வரமாட்டேம்லே."

"தெரியும். நான் தலைகுனியணும்னு காத்திருந்தீரு. இப்ப குனிஞ்சுட்டேன்லா, பெறவென்ன?"

"கிறுக்குப் பயலே!" கொம்பையா சத்தம் போட்டார். "நான் ஒக்காந்தா ஒன் பேரு போயிரும்லே. நான் சிவனணைஞ்சபெருமாளுக்குத் தம்பி பேரன்னு மிஷின் சொல்லும். நீ அவருக்கு ஒண்ணுமில்லன்னு ஏற்கெனவே சொல்லிருச்சு. ரெண்டையும் சேத்து வச்சுப் பாத்தா பச்சப் புள்ளைக்குக்கூட வெளங்கும். இத்தன வருசம் பொத்திப் பொத்தி வச்சத என் வாயாலயே சொல்லச் சொல்லுதியா?"

பலவேசம் ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டார்.

"ஒங்களுக்குத் தெரியுமா?"

"ஒன்னத் தவிர எல்லாருக்கும் தெரியும்." கொம்பையா முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். "எங்க தாத்தா சொன்னது. பர்மால இருந்து வாரயில, வழியில ஒரு ஆத்தங்கரைல பய காய்ச்சல்ல போயிட்டான். ஒங்க தாத்தா கையாலயே குழி தோண்டிப் பொதச்சாராம். பொதச்சுட்டு எந்திரிக்க முடியாம கெடந்தாராம். கூட வந்தவுகட்ட, நானும் இங்கயே செத்துருதேன், நீங்க போங்கன்னுட்டாராம். அப்ப பக்கத்துல ஒரு புள்ள நின்னுருக்கு. அதே பருவம். ஆத்தா அப்பன் செத்தாகளோ, கூட்டத்துல தவற விட்டாகளோ. என்ன பாஷை பேசிச்சுன்னுகூட இவுகளுக்கு வெளங்கல. இவரு அத 'உச்சிமாகாளி'ன்னு கூப்பிட்டிருக்காரு. அது வந்து கையப் பிடிச்சுக்கிடுச்சு. அதத் தூக்கிக்கிட்டுத்தான் மிச்சத் தூரம் நடந்தாரு."

மண்டியில் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. தார் ஏற்ற வந்தவர்களைக் கொம்பையா கையைக் காட்டி அப்புறம் வரச் சொன்னார்.

"அப்ப அந்த மாலை?"

"எங்க தாத்தாதான் அத ஆரம்பிச்சாரு. வந்த வருசம் பங்குனி உத்திரத்துக்கு, பெரியவுகள எல்லாம் நிறுத்திட்டு, அந்தப் புள்ளைக்கு மொதல்ல போடுங்கன்னாராம். இல்லன்னா எங்கண்ணன் வந்து சேந்திருக்க மாட்டான்னாராம். நீயும் ஒங்கப்பனும் கேட்டுரக் கூடாதுன்னு நாங்க பட்ட பாடு எங்களுக்குலா தெரியும். நீ பக்கத்துல வந்தாலே எல்லாரும் வாயப் பொத்திக்கிடுவோம்."

தன் சந்தேகம் பொய்யில்லை என்பது பலவேசத்துக்குப் புரிந்தது. எல்லோரும் கூடி அவரிடமிருந்து ஒன்றை மறைத்துத்தான் வந்திருக்கிறார்கள். அவருக்கு நன்றி வரவில்லை, கோபம்தான் வந்தது. இத்தனை வருடம் என்னை முட்டாளாக்கினீர்களா என்று கேட்க வாயைத் திறந்தார். திறந்த வாயில் அழுகைதான் வந்தது.

"வாங்கண்ணே" என்றார் பலவேசம் கடைசியில். "எம் பேரு போனாப் போவுது. நெசமான பேத்தியக் கப்பலேத்திட்டு நான் மாலையப் போட்டுக்கிட்டு நிக்கவா?"

"யோசிச்சுச் சொல்லு."

"யோசிச்சாச்சு. யோசிச்சா மனசு மாறிரும். இப்பவே கெளம்புங்க."

வெள்ளிக்கிழமை கொம்பையா தாடையை வைத்து உட்கார்ந்தார். உட்கார்ந்த வேகத்தில் மிஷின் சம்மதித்துவிட்டது. காலண்டர் கதையைக் கேட்டு ஜெசிந்தா தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். "எங்க வீட்டுல மாதா படம் போட்ட காலண்டரு பன்னெண்டு வருசமாத் தொங்குது சார். எனக்கு இது தோணாமப் போச்சே." பிறகு சிரிப்பை நிறுத்தி, பலவேசத்திடம் மரியாதையாகக் கேட்டாள். "ஒரே ஒரு விசயம்தான் பாக்கி. இந்தப் பையனுக்கு என்ன ஆச்சுன்னு நான் பதியணும். ஒங்க வாயால சொல்லிருங்க சார். சொன்னா பங்காளிப் பட்டியல்லருந்து ஒங்க பேர எடுத்திருவாங்க, அதையும் நான் சொல்லிரணும்."

"தெரியும்" என்றார் பலவேசம். "உச்சிமாகாளி வார வழியிலயே செத்துட்டான். எங்கப்பா வேற புள்ள. வழியில கெடச்ச புள்ள."

சொல்லி முடித்ததும் மனசு லேசாகும் என்று எதிர்பார்த்தார். அப்படி ஒன்றும் ஆகவில்லை. உலகம்மா எழுந்து நன்றி சொல்வாள் என்றும் எதிர்பார்த்தார். அவள் படத்தை மடியில் வைத்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்தாள். தோள்கள் குலுங்கின.

"ஏம்மா, எல்லாம் நல்லபடியா முடிஞ்சுபோச்சுலா" என்றார் கொம்பையா.

"செத்துட்டானா?" என்றாள் அவள். "பூட்டி ஒவ்வொரு பொங்கலுக்கும் வாசல்லயே ஒக்காந்திருப்பா. எந்தம்பி பொங்கப்படி சீரு கொண்டு வருவான்னு. தொண்ணூறு வயசுலயும் சொல்லுவா, அவனுக்கு இப்ப தலை நரைச்சிருக்கும், பாத்தா அடையாளம் தெரியாது, நான் கூப்பிட்டா தெரிஞ்சுக்கிடுவான்னு. அவன் அஞ்சு வயசுலயே செத்துட்டானா?"

மூன்று நாளாக பலவேசம் தன் மாலையை நினைத்தார், தன் பெயரை நினைத்தார், தாத்தாவையும் நினைத்தார். ஆற்றங்கரையில் புதைத்த அந்தப் பையனை ஒரு தடவைகூட நினைக்கவில்லை. அவனுடைய பெயரைச் சொல்லித்தான் அவர் அப்பா பள்ளிக்கூடம் போனார், கல்யாணம் செய்தார், அவரைப் பெற்றார். வெட்கமாக இருந்தது. கூடவே, முகம் தெரியாத அந்தச் சின்னப் பையன்மேல் தாங்க முடியாத பிரியமும் வந்தது.

"இந்தப் பொங்கலுக்கு ஒனக்குப் பொங்கப்படி எங்க வீட்டுல இருந்து வரும்" என்றார். "ரத்தமோ இல்லியோ, பேரு எங்ககிட்டதான இருக்கு."

உலகம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிமிர்ந்தாள்.

"ஒங்க அப்பாவ யாரு தேடுனாக தாத்தா?"

"என்ன?"

"எங்க பூட்டி அவ தம்பியத் தேடுனா. ஒங்க அப்பாவுக்கும் ஒரு அக்கா இருந்திருக்கும். அம்மை இருந்திருக்கும். எந்த ஊர்லயாவது ஒரு வீட்டுல அவுக படத்த வச்சுக்கிட்டு இன்னும் யாராவது தேடுவாகல்லா?"

எல்லாப் பெட்டியையும் திறந்து பார்த்த மனிதருக்கு இந்தக் கேள்வி தோன்றவே இல்லை. அவர் ஜெசிந்தாவைத் திரும்பிப் பார்த்தார்.

"முடியும் சார்" என்றாள் அவள் தயங்கியபடி. "நாடு பூரா குடுத்திருக்க பழைய படங்க லட்சக்கணக்குல இருக்கு. ஒங்க முகத்தப் போட்டுத் தேடச் சொல்லலாம். தெலுங்குப் பக்கம் இருக்கலாம், ஒரியாப் பக்கம் இருக்கலாம். மாசக்கணக்கா ஆகும். கெடைக்காமலும் போகலாம்."

பலவேசம் எழுந்து போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். தாடையை வைக்கப் போனவர் பாதியில் நிறுத்தினார். திடீரென்று அவர் கண்ணில் ஒரு வீடு தெரிந்தது. எந்த ஊரோ, என்ன பாஷையோ. கதவைப் பாதி திறந்துகொண்டு ஒருவன் அவர் செருப்பைப் பார்க்கிறான்.

"உலகம்மா" என்றார். அவளை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "இந்த வயசுல போயி, நான் ஒங்க வீட்டுப் பையன்னு சொன்னா, சந்தேகப்படுவாகளே?"

"படத்தான் செய்வாக" என்றாள் உலகம்மா. "நீங்க படலியா?"